செட்டுன்னா எந்த செட்டு? மதுரைப் பக்கத்துப் புழக்கம்

தொடக்கம்
‘செட்’ (set): ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, நமக்கு ரெண்டெழுத்து. 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள் கொடுத்தது. பிறகு ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்திவிட்டது. நம்ம ஊரில் எந்தத் தொழிலில் இது எப்படிப் புழங்குது, எங்கே இடிக்குது? சொந்தக் கதை வேண்டாம், விவரமா எழுதுங்க.

மொழிபெயர்ப்பு வேலை, கே.கே. நகர்
ஆங்கிலத்திலேயே இது ரெண்டு வேர் கலந்த சொல். ஒன்று பழைய ஆங்கில ‘செட்டன்’: உட்கார வை, இருத்து. இன்னொன்று லத்தீன் ‘செக்டா’, பிரெஞ்சு வழியாக வந்தது: ஒரு கூட்டம். தமிழில் எந்த வேர் என்று கண்டுபிடிக்கப் பக்கத்துச் சொல்லைப் பாருங்க. ‘ஆகுது’, ‘பண்ணு’ வந்தால் இருத்துவது. ‘ஒரு’, ‘ரெண்டு’, ‘எங்க’ வந்தால் கூட்டம். ‘செட் ஆகலை’ முதல் வகை. ‘எங்க செட்டுப் பயலுக’ ரெண்டாவது.

கட்டட வேலை, மேலூர்
எங்களுக்கு ‘ஆகுது’ தான். ஆனா இதிலேயே ஒரு குழப்பம் இருக்கு: செட் ஆகிறது வேற, பலம் ஏறுறது வேற. சாதாரண சிமெண்டுக்குத் தரக்கட்டுப்பாட்டு விதி, தண்ணி பட்டு 30 நிமிஷத்துக்கு முன்னாடி இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள்ள முழுசா இறுகிடணும். அந்த முதல் அரைமணி நேரத்தைக் காப்பாத்திக் கொடுக்கிறது சிமெண்டில் அரைச்சுச் சேர்க்கிற ஜிப்சம்.

சித்திரை வெயிலில் சல்லியும் மணலும் சுட்டுக் கிடக்கும், கலவை சீக்கிரம் விறைக்கும். உடனே ஒரு வாளி தண்ணியை ஊத்தி இளக்குவாங்க. அங்கதான் பலம் போகுது. தண்ணி கூடினா காயும்போது உள்ளே நுண்துளை விழும். அதுக்குப் பதிலா சல்லியை முதல் நாளே நனைச்சு வைங்க, விடியக்காலை ஊத்த ஆரம்பிங்க.

அடுத்தது ஜாயிண்ட். தளம் பாதி ஊத்தினதும் மிக்சர் நின்னுபோய், ஊத்தினது செட் ஆன பிறகு மேல புதுக் கலவை போட்டா ரெண்டும் ஒட்டாது. மழைக்கு ஒழுகுறது சரியா அந்தக் கோட்டில்தான். நிறுத்தியே ஆகணும்னா பீமை ஒட்டி நிறுத்தாதீங்க. ரெண்டு பீமுக்கு நடுவில் உள்ள இடைவெளியை மூணாப் பிரிச்சு, நடுப்பங்குக்குள்ள நேரா வெட்டி நிறுத்துங்க. மறுபடி ஊத்துறதுக்கு முன்னாடி கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சிமெண்டுப் பால் (தண்ணியில் கரைச்ச சிமெண்டு) அடிக்கணும்.

மறுநாள் மேல ஏறி நடக்கலாம், அதுக்காக அடியில் தாங்குற முட்டுக்காலைப் பிரிக்கக் கூடாது. இடைவெளி 4.5 மீட்டருக்குள்ளன்னா தளத்து முட்டு 7 நாள், அதுக்கு மேலன்னா 14 நாள்.

ரேடியோ செட், உசிலம்பட்டி
காதுகுத்துக்கு ‘ஒரு செட்டு’ன்னு சொன்னா போதும்னு நினைக்காதீங்கண்ணே. குழாய் (ஸ்பீக்கர்) எத்தனை, மைக் எத்தனை, சீரியல் லைட் எத்தனை அடி, ஜெனரேட்டர் உண்டா, எல்லாம் பேசி எழுதிக்கணும். ஒரு ஊரில் செட்டுன்னா ரெண்டு குழாய், அடுத்த ஊரில் நாலு.

ஆம்ப்ளிபயர் எரியுறதும் இந்த எண்ணிக்கையில்தான். 16 ஓம் யூனிட் (குழாயில் சத்தம் எழுப்புற பாகம்) ரெண்டை இணையா கட்டினா 8 ஓம், நாலைக் கட்டினா 4. ஆம்ப்ளிபயர் பின்னாடி அதே எண் போட்ட முனையில் மாட்டணும். நாலு குழாயைக் கட்டிட்டு 16-ல் சொருகினா, தாங்குறதுக்கு மேல கரண்டு இழுத்துச் சூடேறும். கூ-ன்னு ஊளையிட்டா மைக் குழாய்க்கு முன்னாடி இருக்குன்னு அர்த்தம். குழாயை முன்னாடி தள்ளித் திருப்புங்க.

பரோட்டாக் கடை, சிம்மக்கல்
செட்டுன்னா ரெண்டு. முடிஞ்சது.

கணக்கு டியூஷன், வில்லாபுரம்
அண்ணே, பாடத்தில் செட்டுக்குக் ‘கணம்’னு பேர். கணத்தில் ஒரே உறுப்பை ரெண்டு தடவை எழுதினாலும் ஒண்ணாத்தான் எண்ணுவோம். அந்தக் கணக்கில் உங்க ரெண்டு பரோட்டாவும் ஒரே மாதிரின்னா ஒரு பரோட்டாவுக்குத்தான் காசு!

ஜிகர்தண்டா மாஸ்டர்
பாதாம் பிசின் செட் ஆகாது, ஊறும். கடல்பாசிதான் செட் ஆகும். லிட்டர் தண்ணிக்கு 10 கிராம், முழுசா கரையுற வரை கொதிக்கணும். அரைகுறையா கரைஞ்சா திப்பியா நிக்கும். 40 டிகிரிக்குக் கீழே வந்தா தானா இறுகும், ஃபிரிட்ஜ் வேணும்னு இல்லை. திரும்ப உருக 85 டிகிரி வேணும், அதனால மதுரை வெயில் ஒண்ணும் செய்யாது. எலுமிச்சைச் சாற்றை அதோட சேர்த்துக் கொதிக்க விட்டா மட்டும் தளர்ந்துடும்.

மொழிபெயர்ப்பு வேலை, கே.கே. நகர்
ரெண்டு எச்சரிக்கை. ‘செட்டப்’ என்பதை அழைப்பிதழ், அறிக்கையில் எழுதாதீங்க. நம்ம பக்கம் அதுக்குக் கள்ள உறவு, போலி ஏற்பாடு என்றெல்லாம் பொருள் ஏறிவிட்டது. ‘அமைப்பு’, ‘ஏற்பாடு’ போதும். ‘கட்டும் செட்டுமா குடும்பம் நடத்துறா’ என்பதில் உள்ள செட்டு ஆங்கிலமே இல்லை, சிக்கனத்தைக் குறிக்கும் நம்ம பழைய சொல்.

பம்பு மெக்கானிக், வாடிப்பட்டி
எங்க பக்கம் தகர ‘ஷெட்’டும் செட்டுதான். ‘மோட்டார் செட்டு ரிப்பேர்’னு போன் வந்தா மிஷினா கொட்டகையான்னு கேட்டுட்டுத்தான் கிளம்பணும். மிஷின்னா அடுத்த கேள்வி: ஓடுது, தண்ணி வரலையா? கிணத்து மோட்டாரா இருந்தா முதல்ல ஃபுட் வால்வை (தண்ணிக்குள்ள, உறிஞ்சுற குழாயோட அடியில் இருக்கிற வால்வு) பாருங்க. அது கசிஞ்சா ராத்திரி குழாய்த் தண்ணி பூராம் இறங்கிடும், காலையில் காத்தைத்தான் சுத்தும். வால்வு நல்லா இருந்தா உறிஞ்சுற பக்க ஜாயிண்டில் காத்து இழுக்குதான்னு பாருங்க. கொட்டகைன்னா நான் வரமாட்டேன், வெல்டரைக் கூப்பிடுங்க.