இழை: ‘கரன்சி பெக்’ – பிணைப்பா, முளையா, கந்தா?

அன்புள்ள குழுவினருக்கு,
தமிழ்வழி வணிகவியல் மாணவர்களுக்காக மாலத்தீவு நாணய வரலாற்றைப் பாடக்குறிப்பாக எழுதிவருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சோழி, பாரசீகத்து லார் நகரின் பெயரால் வழங்கிய வெள்ளிக்கம்பிக் காசான லாரி, 1940களில் வந்த ருஃபியா நோட்டு வரை தடங்கல் இல்லை. ருஃபியாவை டாலருக்கு இன்ன விலை என்று கட்டிவைத்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ‘கரன்சி பெக்’ என்பதை எப்படிச் சொல்வது? ‘நாணயப் பிணைப்பு’ என்றால், போன வாரம்தான் கடனுக்கு ஈடாக வைக்கும் பொருளைப் ‘பிணையம்’ என்று நடத்தினேன். இரண்டும் குழம்பும்.

*

ஐயா,
மாடு கட்ட அடிக்கும் முளை இருக்கும்போது வேறு சொல் எதற்கு? உங்கள் பாடத்தையே வைத்துப் பார்ப்போம். 2001இல் டாலருக்கு 11.77 ருஃபியாவில் இருந்த முளையைப் பிடுங்கி 12.80ஐ ஒட்டி அடித்தார்கள். 2011 ஏப்ரலில் 12.85ஐ நடுவாக வைத்து, இருபுறமும் 20 விழுக்காடு, அதாவது 10.28 முதல் 15.42 வரை நகரலாம் என்றார்கள். முளை நிற்கிறது, கயிறு நீள்கிறது. மாடு நேரே 15.42க்குப் போய்க் கயிறு விறைக்க நின்றது. தொழுவம் பார்த்த பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ‘முளையடித்த நாணயம்’ எனப் பெயரெச்சமும் இயல்பாக அமைகிறது. சந்தையின் போக்கில் விலை மாறும் ‘மிதக்கும் நாணயம்’ என்பதற்கு நேர் எதிர்ச்சொல்.

*

நண்பர்களே,
முளை என்றதும் விதைதான் நினைவுக்கு வரும். ‘நாணயம் முளைத்தது’ என்று விடைத்தாளில் எழுதுவார்கள். யானை கட்டும் தூணுக்குக் ‘கந்து’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. ‘காதன்மை கந்தா’ என்று குறளில் பற்றுக்கோடு என்ற பொருளிலும் வருகிறது. டாலரைப் பற்றுக்கோடாகக் கொண்ட நாணயம் ‘கந்து நாணயம்’. மூன்றே எழுத்து, தூய தமிழ்.
இன்னொன்று. சோழியை மாலத்தீவின் திவேகி மொழியில் ‘பொலி’ என்கிறார்கள். நெற்களத்தில் குவிந்த மணி நமக்குப் பொலி. சோழர் கல்வெட்டில் வட்டிக்குப் பொலிசை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் அவன் படை வென்ற இடமாக வரும் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ மாலத்தீவுதான் என்பர். அந்தப் படையோடுதான் இச்சொல்லும் கடல் கடந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

*

அம்மா,
ஒலி ஒத்திருப்பதால் மட்டும் சொல் உறவாகிவிடாது. திவேகி சிங்களத்துக்கு நெருங்கிய மொழி. வேரை அங்கே தேடிய பிறகல்லவா தஞ்சாவூர்க் களத்துமேட்டுக்கு வர வேண்டும்? படையெடுப்பை வைத்துச் சொற்பிறப்பு எழுதும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். அத்தீவின் சோழிக்கு நம் துணையில்லாமலே பெரிய வரலாறு உண்டு. 14ஆம் நூற்றாண்டில் அங்கே நீதிபதியாக இருந்த பயணி இபின் பதூதா, ஒரு பொன் தினாருக்கு 4,00,000 சோழி என்று எழுதினார். வங்காளத்திலிருந்து அரிசி வரும், சோழி போகும்.
‘கந்து’ வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: கந்துவட்டி. அதில் வீட்டை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் முன் அதைக் கரும்பலகையில் எழுத மாட்டேன்.

*

அந்த அம்மையாருக்கு,
வட்டிக்காரன் கெடுத்தான் என்று சங்கச் சொல்லைக் கைவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்? நல்ல பொருளில் திரும்பத் திரும்ப எழுதினால்தான் அது மீளும். புரியவில்லை என்பதும் காரணமாகாது. ‘பேருந்து’ முதல் நாளே எல்லோருக்கும் புரிந்ததா?

*

அனைவருக்கும்,
ஞாயிறு இரவு. நேற்று டியூஷனுக்கு வந்த நான்கு மாணவர்களிடம் மூன்று சொற்களையும் சொல்லிப் பார்த்தேன். முளை என்றதும் ஒருத்தி தானாகவே, “அப்போ கயிறு எவ்வளவு நீளம் சார்?” என்று கேட்டாள். அடுத்த பாடத்தில் நான் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் பல்கலைக்கழக வினாத்தாளில் ‘பிணைப்பு’ என்றே வரும். மதிப்பெண் போய்விடக் கூடாது. தலைப்பில் ‘நாணயப் பிணைப்பு’ என்றும், விளக்கம் முழுவதும் ‘முளை’ என்றும் எழுதி அனுப்பிவிட்டேன்.

*

ஐயா,
பிணைப்புக்கு என் இசைவு இல்லை. அடுத்த பதிப்பு எப்போது? கந்துக்கான மேற்கோள்களை அதற்குள் தொகுத்து அனுப்புகிறேன்.