ஜெர்மனிக்கு புதுசா வந்த மெக்கானிக்கல் ஆளுங்களுக்கு: எந்த புக்கு வாங்கலாம், எதுக்கு காசு போட வேணாம்

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தாப்ல, ஸ்டுட்கார்ட் பக்கம் டிசைன் வேலை கெடச்சிருச்சாம், முதல் சம்பளத்துல புக்ஸ் வாங்கப்போறேன் அண்ணா, இந்த லிஸ்ட் சரியான்னு பாருங்கன்னு. கூட்டிப் பாத்தா ஒரு மாச வாடகை வருது! அதான் எல்லாருக்கும் சேத்து இங்கயே எழுதிடறேன்.

காசு குடுத்து வாங்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், டபெல்லன்பூஹ் மெட்டால், மெட்டல் வேலைக்கு வேண்டிய டேபிள் எல்லாம் ஒரே இடத்துல இருக்கற புக்கு. ஊர்ல நமக்கு பி.எஸ்.ஜி. டேட்டா புக் மாதிரி வெச்சுக்கங்க. ஆனா அத நாம எக்ஸாம் ஹாலுக்கு எடுத்துட்டுப் போறதோட சரி, இங்க இது அப்ரண்டிஸ் பையன்ல இருந்து பட்டறை மைஸ்டர் (நம்ம ஊர் ஃபோர்மேன் மாதிரி) வரைக்கும் எல்லார் டிராயர்லயும் கெடக்கும், டிராயிங்ல ஏதாச்சும் வாக்குவாதம் வந்தா அவரும் நீங்களும் தொறக்கறது அதே பக்கம்தான். இங்கிலீஷ் பதிப்பும் இருக்கு, ஆனா ஜெர்மன்லயே வாங்குங்க, பட்டறையில பேசற வார்த்தை பாதி அதுலயே ஒட்டிக்கும். மெஷின் பார்ட்ஸ் டிசைனுக்கு ரோலோஃப் மாட்டெக், மெக்கானிக்கல் முழுசுக்கும் டுப்பெல், இதெல்லாம் லைப்ரரியில பாத்துக்கலாம். டுப்பெல் 1914ல இருந்து வர்ற புக்கு, இப்ப மூணு வால்யூம், அலமாரியில அழகா இருக்கும், நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை தொறந்தா அதிகம். மாஸ்டர்ஸ் படிச்சிட்டு இருக்கவங்க யூனிவர்சிட்டி நெட்வொர்க்ல ஸ்பிரிங்கர் பதிப்பகத்து புக்ஸ் பாக்க முடியுதான்னு இப்பவே பாருங்க, படிப்பு முடிஞ்சதும் அந்த லாகின் போயிரும்.

நான் பட்டது ஒண்ணு சொல்றேன். எம்10 போல்ட்டுக்கு ஸ்பேனர் சைஸ் 16னு நெனச்சு போல்ட் தலையச் சுத்தி இடம் விட்டு ஒரு பிராக்கெட் பண்ணேன், ஐஎஸ்ஓ 4017 ஸ்டாண்டர்ட் படி அது சரிதான். ஆனா ஸ்டோர்ல இருந்தது எல்லாம் பழைய ஜெர்மன் ஸ்டாண்டர்ட் டின் (DIN) 933 போல்ட், அதுக்கு 17. அசெம்பிளியில பாக்ஸ் ஸ்பேனர் உள்ள போகல. எம்12க்கும் இதே கததான், 18ஆ 19ஆன்னு. எம்8க்கு ரெண்டுலயும் 13, அதனால அதுவரைக்கும் எனக்கு இப்படி ஒரு வித்தியாசம் இருக்கறதே தெரியாது. அன்னிக்கு சாயங்காலம் ஒரு ஃபோல்டர் வாங்கி முதல் பக்கத்துல இத எழுதினேன், என் லைப்ரரி ஆரம்பிச்சது அங்கதான்.

ரெண்டாவது பக்கம் மெட்டீரியல். கோயமுத்தூர் லேத்து பட்டறையில ஈஎன்8 ஸ்டீல் குடுன்னா யாரும் மறு கேள்வி கேக்க மாட்டாங்க, இங்க மீட்டிங்ல சொன்னேன், எல்லாரும் முழிக்கறாங்க, ஏன்னா இங்க ஈஎன்னா ஐரோப்பிய ஸ்டாண்டர்ட், எட்டாம் நம்பர் ஸ்டாண்டர்ட் எதுன்னு ஒருத்தர் நெஜமாவே கேட்டாரு. நம்ம ஊர்ல ஓடறது பழைய பிரிட்டிஷ் பேரு. ஈஎன்8க்கு கிட்டத்தட்ட சி45, ஈஎன்19க்கு 42 சிஆர்எம்ஓ4, பேரிங் ஸ்டீல் ஈஎன்31க்கு 100 சிஆர்6. கிட்டத்தட்டன்னுதான் சொல்றேன், ஹீட் ட்ரீட்மென்ட்டும் சைஸும் பாக்காம ஸ்ட்ரெங்த் நம்பர அப்படியே தூக்கிப் போட்டுறாதீங்க. மைஸ்டருங்க வாயில எஸ்டி37னு வந்தா அது எஸ்235, எஸ்டி52னா எஸ்355.

இன்னொண்ணு, கமா. இங்க 1.500னு புள்ளி வெச்சிருந்தா ஆயிரத்து ஐநூறு, ஒன்றரைக்கு 1,5. டேபிள்ல இருந்து எக்செல்லுக்கு காப்பி பண்ணும்போது கண்ண நல்லா தொறந்து வெச்சுக்கங்க.

ஸ்டாண்டர்ட்ஸ் சொந்தமா வாங்கவே வேணாம், சில பக்கத்துக்கே நூறு யூரோ பக்கம் கேப்பாங்க. கம்பெனி சந்தா கட்டியிருக்கும், வந்த முதல் வாரமே யாருகிட்ட லாகின்னு கேட்டு வெச்சுக்கங்க. வேலை தேடிட்டு இருக்கவங்களுக்கு நோர்மென் இன்ஃபோபாயின்ட்னு (Normen-Infopoint) சில யூனிவர்சிட்டி லைப்ரரியில இருக்கு, டின் ஸ்டாண்டர்ட்ஸ் ஃப்ரீயா உக்காந்து படிக்கலாம், நோட்டும் பேனாவும் கொண்டு போங்க. தயவுசெஞ்சு டெலிகிராம்ல சுத்தற பிடிஎஃப ஆபீஸ் லேப்டாப்ல வைக்காதீங்க.

கேட்டலாக்க மட்டும் யாரும் மதிக்கறதே இல்ல. எஸ்கேஎஃப் பேரிங் கேட்டலாக், பார்க்கர் கம்பெனியோட ஓ-ரிங் (லீக் ஆகாம அடைக்கற ரப்பர் வளையம்) ஹேண்ட்புக் ரெண்டும் பிடிஎஃப்ல ஃப்ரீ. ஓ-ரிங் பள்ளம் எவ்ளோ ஆழம், எவ்ளோ அமுக்கம் விடணும்னு எனக்கு புரிஞ்சது காலேஜ்ல இல்ல, அந்த ஹேண்ட்புக்லதான். விக்கறவன் எழுதுனதுதானேன்னு எளக்காரமா நெனைக்க வேணாம், பார்ட் ஃபெயில் ஆனா திட்டு அவனுக்கும்தான் விழும்.

ஃபோல்டர்ல எந்த நம்பர் எழுதினாலும் பக்கத்துல எந்த புக்கு, எந்த எடிஷன், என்ன பக்கம்னு எழுதிருங்க. ஆறு மாசம் கழிச்சு ரிவ்யூல இது எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டிப்பா கேப்பாங்க. கம்பெனி டெஸ்ட் ரிசல்ட், டிராயிங் எதுவும் அதுல கலக்காதீங்க, வேலை மாறும்போது வம்பு.

கமெண்ட்ல டபெல்லன்பூஹ் பழைய புக்கா வாங்கலாமான்னு கேட்டவருக்கு: தாராளமா. க்ளைன்அன்ட்சைகன்னு பழைய பொருள் விக்கற சைட்ல படிப்பு முடிச்ச பசங்க சல்லிசா தள்ளி விடுவாங்க. திரெட், கீவே டேபிள் எல்லாம் அப்படியே இருக்கும், ஜெனரல் டாலரன்ஸ் (டிராயிங்ல தனியா குறிக்காத அளவுக்கு எவ்ளோ வித்தியாசம் விடலாம்ங்கறது) பக்கத்த மட்டும் நம்பாதீங்க, ஐஎஸ்ஓ 2768 ரெண்டாம் பாகத்த 2021ல வாபஸ் வாங்கிட்டாங்க, அதுக்கு பதிலா வந்தது ஐஎஸ்ஓ 22081. டிராயிங் மூலையில இருக்கற டைட்டில் பிளாக்ல இன்னும் பழசையே போடற கம்பெனி நெறைய இருக்கு, அது வேற கத.

என்கிட்டயே டபெல்லன்பூஹ் பழைய எடிஷன் ஒண்ணு சும்மா கெடக்கு. ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கவங்க மெசேஜ் போட்டுட்டு வந்து எடுத்துக்கங்க, காசு வேணாம், அந்த 2768 பக்கத்த பென்சில்ல அடிச்சே வெச்சிருக்கேன்.