ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்: டெம்ப்ளேட்டை மனப்பாடம் செய்யலாமா?

வேளச்சேரிவாசி:
ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் ரைட்டிங் பகுதிக்கு, சென்னையில் பல கோச்சிங் சென்டர்களில் முதல் வாரமே ஒரு டெம்ப்ளேட் தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கி முடிவுரை வரை எல்லாம் தயார், நடுவில் தலைப்பை மட்டும் செருகினால் போதுமாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னோமா என்பதற்கே, கட்டுரை எழுதும் டாஸ்க் 2-ல் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். கோர்வை, சொல்வளம், இலக்கணம் ஆகியவை மற்ற மூன்று. மனப்பாட வரி இந்த நான்கில் எதற்குமே உதவாது.

இரவுப்பணி செவிலி:
சார், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு செய்ய ரைட்டிங்கில் 6.5 வேண்டும், கேட்டல், வாசிப்பு, பேச்சு ஆகிய மற்ற மூன்றிலும் 7. 60 நிமிடத்தில், வரைபடத்தை விவரிக்கும் டாஸ்க் 1-க்குக் குறைந்தது 150 சொல், டாஸ்க் 2-க்கு 250. முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது என்ற பயத்திலேயே பத்து நிமிடம் போய்விடும். டெம்ப்ளேட் அந்தப் பயத்தைப் போக்குகிறது. தினமும் உட்கார்ந்து எழுத நேரம் இருப்பவர்களுக்கு இது புரியாது.

வேளச்சேரிவாசி:
பயம் புரிகிறது, சகோதரி. ஆனால் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: 'பொதுப் போக்குவரத்தை இலவசமாக்க வேண்டும் என்ற கருத்தை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?' டெம்ப்ளேட்காரர் நன்மை ஒரு பத்தி, தீமை ஒரு பத்தி எழுதிவிட்டு, தன் நிலைப்பாட்டைச் சொல்லாமலே முடிப்பார். கேள்விக்கு அங்கே பதிலே இல்லை. சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரச் சொல்லி வினாத்தாளிலேயே இருக்கிறது. நம் ஊரில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு மாதம் எவ்வளவு மிச்சமாகிறது, கூட்டம் கூடியதா, பஸ் எண்ணிக்கை போதுமா என்று நீங்கள் எழுதினால், அது எந்தத் தாளிலும் கிடைக்காத பத்தி. எளிய ஆங்கிலமே போதும்.

கோட்டூர்புரம் வாசகி:
இருவரும் விட்ட ஒன்று, திருத்தம். நாள்தோறும் புதுக் கட்டுரை எழுதிக் குவித்தால் அதே பிழைதான் நாள்தோறும் வரும். 'ஏ', 'தி' எங்கே போடுவது, ஒருமை வினை எங்கே, பன்மை வினை எங்கே என்பதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். ஒரே கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதுங்கள். அப்புறம் மூன்றாவது முறையும்.

இரவுப்பணி செவிலி:
யார் திருத்துவது அக்கா? கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார்கள்.

கோட்டூர்புரம் வாசகி:
கேம்பிரிட்ஜ் பயிற்சிப் புத்தகங்களின் பின்பக்கம் மாதிரி விடைகளும், அவற்றில் சிலவற்றுக்குத் தேர்வாளர் எழுதிய குறிப்பும் இருக்கும். எந்த பேண்ட் (மதிப்பெண் நிலை), ஏன் அந்த பேண்ட் என்று அதில் படிக்கலாம். ஒவ்வொரு பேண்டுக்கும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற விளக்கப் பட்டியலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கட்டுரையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாப் பிழையும் பிடிபடாது. ஆனால் கேள்வியை விட்டு விலகியிருந்தால் நன்றாகவே தெரிந்துவிடும்.

இரவுப்பணி செவிலி:
சரி, டாஸ்க் 2-க்கு ஒப்புக்கொள்கிறேன். டாஸ்க் 1-க்கு என் டெம்ப்ளேட்டை விடமாட்டேன். வரைபடம் எதுவானாலும் முதலில் ஒரு வரி அறிமுகம், அடுத்து மொத்தப் போக்கைச் சொல்லும் ஓவர்வியூ, பிறகு விவரம். இந்த வரிசை மாறாதபோது எதற்கு ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும்?

வேளச்சேரிவாசி:
வரிசையை மனதில் வையுங்கள், தடுக்கவில்லை. வாக்கியத்தை மனப்பாடம் செய்யாதீர்கள் என்பதுதான் என் சண்டை. இன்னொன்று, டாஸ்க் 2-க்கு மதிப்பு இரண்டு மடங்கு. அதை முதலில் 40 நிமிடத்தில் முடித்துவிட்டு டாஸ்க் 1-க்கு வாருங்கள், வரிசை மாற்றி எழுதத் தடையில்லை.

இரவுப்பணி செவிலி:
எனக்கு அது ஒத்துவராது. சின்னதை முடித்தால்தான் கை ஓடும். ஆனால் அந்த பஸ் கேள்விக்கு இன்று டியூட்டி முடிந்ததும் எழுதி இங்கேயே போடுகிறேன். இருவரும் திருத்துங்கள்.

கோட்டூர்புரம் வாசகி:
போடுங்கள். நேரம் பார்த்து எழுதுங்கள், 40 நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். பாதியில் நின்றாலும் அப்படியே போடுங்கள்.