கடையில் கொடுப்பதா, நாமே கழற்றிப் பார்ப்பதா? பட்ட அனுபவங்கள்

போன மாதம் என் பழைய டெஸ்க்டாப்பில் எந்த இணையதளமும் திறக்காமல் போனது. எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கைதான் வந்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வைரஸ் ஏறியிருக்கு சார், ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும்" என்றார். சரி என்று விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் வாங்கி வந்தபோது நன்றாகவே ஓடியது. அன்று இரவு பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். காலையில் மறுபடி அதே எச்சரிக்கை. திரும்பப் போனதும் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நேற்று வரை ஓடிய போர்டு, பிளக்கைப் பிடுங்கியதால் எப்படிச் சாகும்?

வீட்டில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தபோதுதான் திரையின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. பல வருடங்கள் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் சிஆர்2032 என்று காசு வடிவத்தில் 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டதால், பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போனது. ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். கம்ப்யூட்டர் பழைய தேதியில் நிற்கும்போது, அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் எல்லாத் தளத்துக்கும் எச்சரிக்கை. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தேன். அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஃபார்மேட்டில், அப்பாவின் கையெழுத்துக் குறிப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருந்த ஃபோல்டர் போய்விட்டது. "பேக்கப் இருக்கா" என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. தாள்கள் இருக்கின்றன, மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். இருந்தாலும் அந்த வருத்தம் போகவில்லை. நீங்கள் எல்லாம் எதை வைத்து ஒரு கடையை நம்புகிறீர்கள்? எந்த வேலையை நீங்களே செய்கிறீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்.

*

அண்ணா, அப்பாவின் குறிப்புகள் பற்றிப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. தாள்களாவது இருக்கின்றனவே.

என் கதையில் நானே செய்ததும் உண்டு, நானே உடைத்ததும் உண்டு. நான்கு வருட லேப்டாப். வீடியோ கால் பேசினால் ஃபேன் சத்தம் எதிர்முனைக்குக் கேட்கும். அப்புறம் எல்லாம் மெதுவாகிவிடும். சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். ஐஃபிக்ஸிட் தளத்தில் என் மாடலுக்குப் படத்தோடு வழிமுறை இருந்தது. அதை இரண்டு முறை முழுக்கப் படித்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அந்தந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டினேன். இதை யாரும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் உள்ளே போர்டிலேயே இறங்கிவிடும். மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கேபிளைக் கழற்றிவிட வேண்டும். ஃபேனுக்கும் அதை ஒட்டிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. உரித்தே எடுத்தேன். காற்று அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் கெடும். பிராசஸரின் சூட்டை உலோகத் தகட்டுக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காக இருந்தது, துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். மூடிப் போட்டபோது சத்தமே இல்லை. அன்றைய சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்தத் தைரியத்தில் ஆறு மாதம் கழித்து கீபோர்டையும் நானே மாற்றப் பார்த்தேன். கீபோர்டிலிருந்து வரும் தட்டையான நாடா கேபிளைப் பிடிக்கும் இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு குட்டிப் பூட்டு இருக்கும். அதை மேலே தூக்கிவிட்டுத்தான் கேபிளை உருவ வேண்டும். நான் பக்கவாட்டில் நெம்பிவிட்டேன். பூட்டு கையோடு வந்துவிட்டது.

அழாத குறையாக ஒரு கடைக்குப் போனேன். அந்தத் தம்பி என்னைத் திட்டவில்லை. "இது நிறைய பேருக்கு நடக்கறதுதான் அக்கா" என்று சொல்லிவிட்டு, போர்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். கனெக்டரை மட்டும் மாற்றினால் போதும், போர்டை மாற்றத் தேவையில்லை என்றார். வேலை முடிந்ததும் கழற்றிய கனெக்டரை ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தார். எனக்கு அது எதற்கும் பயன்படாது. ஆனாலும், அந்தக் கவருக்காகத்தான் இன்றுவரை அந்தக் கடைக்குப் போகிறேன்.

*

நான் பல வருடம் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தவன், இப்போது விட்டுவிட்டேன். முதலில் எழுதிய நண்பருக்கு நடந்தது தவறு. மறுக்க மாட்டேன். அது ஏன் நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஃபார்மேட் போடுவது சுலபம். யோசிக்க வேண்டாம், ஒரே நேரத்தில் நான்கு மெஷினுக்குப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரு ஆன் ஆகாத லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மல்ட்டிமீட்டர் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து, எந்த வோல்டேஜ் வருகிறது, எது வரவில்லை, எங்கே ஷார்ட் என்று தேடினால் அரை நாள் போய்விடும். கடைசியில் அரிசி மணியைவிடச் சிறிய ஒரு கெப்பாசிட்டர்தான் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) குற்றவாளியாக இருக்கும். அதை எடுத்ததும் போர்டு உயிர்பெறும். அந்த அரை நாளுக்கு மரியாதை கொடுக்கும் வாடிக்கையாளர் குறைவு. "ஒரு பொடிப் பொருளை மாத்தினதுக்கா இவ்வளவு" என்று கேட்பார்கள். அதனால் போர்டையே மாற்றச் சொல்வது பல கடைகளில் பழக்கமாகிவிட்டது.

நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது ஒரு வேலையைத்தான். செத்துப்போன கிராபிக்ஸ் சிப்பை, அதாவது திரையில் படம் காட்டும் சிப்பை, சூடு காட்டி எழுப்புவது. சிப் சூட்டில் கொஞ்ச நாள் ஓடும், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். சில வாரங்களில் திரும்பப் படுத்துவிடும். "சிப்பை மாத்துறீங்களா, சூடு மட்டும் காட்டுறீங்களா" என்று நேராகக் கேளுங்கள். நல்லவர் உண்மையைச் சொல்வார், இதற்குச் செலவு செய்யாதீர்கள் என்றும் சொல்வார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தண்ணீரோ காப்பியோ கொட்டியிருந்தால் மறைக்காதீர்கள். எங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், ஆனால் தெரிவதற்குள் ஒரு நாள் வீணாகும், அந்த ஒரு நாளில் துரு இன்னும் கொஞ்சம் ஏறும். கொட்டியவுடன் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, முடிந்தால் பேட்டரியையும் விலக்கிவிட்டுக் கொண்டு வாருங்கள். அரிசியில் புதைத்து வைப்பதால் பயனில்லை. உள்ளே தங்கும் உப்பையும் சர்க்கரையையும் அரிசி எடுக்காது. போர்டைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவினால்தான் போகும். இடையில் "ஆன் ஆகுதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்துவதுதான் பல போர்டுகளைக் கொல்கிறது.

வீட்டில் செய்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ராம் கழற்றி மாட்டுவது, எஸ்எஸ்டி (தகவலைச் சேமித்து வைக்கும் பாகம்) மாற்றுவது, ஃபேன் சுத்தம், அந்தக் காசு பேட்டரி எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். டிஸ்ப்ளே வரவில்லையா? இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றதை. கடைக்கு வரும் வேலையில் கணிசமான பங்கு இதோடு முடிந்துவிடும். ஆனால் டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதை அழுத்தவோ கூரான எதையும் வைத்து நெம்பவோ கூடாது, ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். இந்த இரண்டு விஷயத்தில் தைரியம் காட்டாதீர்கள்.

*

ஐயா சொன்னதோடு ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையின் ஆய்வு வேலை முழுக்க ஒரே டிஸ்க்கில் இருந்தது. அது டக், டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. டிஸ்க்கின் படிக்கும் முனை இடம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தேடும்போது வரும் சத்தம் அது. அன்றைக்கே அணைத்திருக்க வேண்டும். நான் விவரம் தெரிந்தவன் என்று நம்பி என்னிடம் கொடுத்தாள். நான் விண்டோஸில் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக் டிஸ்க்கை ஓட விட்டேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை இரவெல்லாம் ஓட வைத்தேன். காலையில் அது கம்ப்யூட்டரின் கண்ணுக்கே தெரியவில்லை. தகவல் மீட்பவர்களிடம் கொண்டு போனோம். திறந்து பார்த்துவிட்டு, தட்டில் கீறல் விழுந்துவிட்டது, முன்பே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார்கள். தங்கை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது இது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும், ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி இலவச மென்பொருளில் பார்க்கலாம். ரீஅலொகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் என்று இரண்டு எண்கள் இருக்கும், டிஸ்க்கில் கெட்டுப்போன, படிக்கத் தடுமாறும் இடங்களின் கணக்கு அது. இரண்டில் எது ஏறிக்கொண்டே போனாலும் உடனே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்க் இன்னும் படிக்கிறது, ஆனால் தடுமாறுகிறது என்றால், பழுது பார்க்கும் முன் முழு நகல் எடுக்க வேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் சுலபமாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் தொடும். சத்தம் வந்துவிட்டால் அதுவும் வேண்டாம், அணைத்துவிட்டு மீட்பவர்களிடம் கொடுங்கள்.

*

எனக்கு ஒரே ஒரு விஷயம். கடையில் கொடுக்கும்போது பாஸ்வேர்டு.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். லேப்டாப்பில் ஆடியோ டிரைவரை மட்டும் முடக்கிவிட்டு, உள்ளே நடப்பதை எல்லாம் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு 16 கடைகளில் கொடுத்தார்கள். ஆறு கடைகளில் சொந்தத் தகவல்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், இரண்டில் நகலும் எடுத்திருக்கிறார்கள். ஒலி வரவில்லை என்று கொடுத்த மெஷினில் புகைப்படங்களைத் திறக்க என்ன வேலை? பெண்களின் லேப்டாப் போல அமைத்தவற்றில் இது அதிகம் நடந்தது என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்றிலிருந்து பேட்டரி, கீபோர்டு, ஹிஞ்ச் (திரையைத் தாங்கும் கீல்) மாதிரி வேலைகளுக்கு நான் பாஸ்வேர்டு கொடுப்பதில்லை. எஸ்எஸ்டி கழற்ற முடிகிற மாடல் என்றால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுக்கிறேன். உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய வேலை என்றால் எதிரிலேயே உட்கார்ந்து நானே டைப் செய்கிறேன். இதைக் கேட்டு முகம் சுளிக்காத கடைதான் என் கடை.

இன்னொன்று. போர்டு மாற்றும் வேலை என்றால் டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீ கைவசம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போதைய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் பிட்லாக்கர் நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போனால் கீ கிடைக்கும். போர்டு மாறிய பிறகு அது கேட்கும்போது தேடினால் தாமதமாகிவிடும்.

*

முதலில் எழுதியவன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. நேற்று மனைவியின் லேப்டாப் ஹிஞ்ச் உடைந்து வேறு ஒரு கடைக்குப் போனோம். தகவல் பேக்கப் எடுத்திருக்கிறேன், பாஸ்வேர்டு தேவைப்படாது, கழற்றும் பாகம் எனக்கு வேண்டும் என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு, ஸ்டூலை எடுத்துப் பக்கத்தில் போட்டு, "உட்காருங்க சார், இப்பவே திறந்துடறேன்" என்றார். திறந்து பார்த்ததும், ஹிஞ்ச் நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மரைதான் பெயர்ந்திருக்கிறது என்று காட்டினார். புது ஹிஞ்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடை நடத்திய ஐயாவிடம் ஒரு கேள்வி. என் டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை ஃபேன் இப்போது கரகரவென்று சத்தம் போடுகிறது. பெட்டியைத் திறக்க மாட்டேன், பயப்பட வேண்டாம். முழுதாக மாற்றுவதாக இருந்தால், பழையதன் வாட் அளவைப் பார்த்து அதே அளவில் வாங்கினால் போதுமா?