கப்ஸ் – ஒயிட் சாக்ஸ்: சிகாகோவில் உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

35ஆம் தெரு வாசி

சிகாகோவில் இருக்கிறவர்கள், முன்பு இருந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். ஊரின் இரண்டு பேஸ்பால் அணியும், கப்ஸும் ஒயிட் சாக்ஸும், மோதிய ஆட்டத்துக்குப் போனதாக இருக்கலாம், அந்த ஆட்டத்தால் வீட்டில் நடந்ததாக இருக்கலாம். எதுவானாலும் சரி. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

2004இல் ஊரின் தெற்கே பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்தேன். கீழே வீட்டுக்காரப் பெரியவரும் அவர் மனைவியும். சாவியைக் கையில் கொடுக்கும்போதே, "நீ வடக்கா, தெற்கா?" என்று கேட்டார். வடக்கு என்றால் ரிக்லி மைதானத்து கப்ஸ், தெற்கு என்றால் ஒயிட் சாக்ஸ். இரண்டுக்கும் ஒரே ரெட் லைன் ரயில்தான். அடிசனில் இறங்கினால் அவர்கள், 35ஆம் தெருவில் இறங்கினால் நாங்கள். இடையில் அரை மணி நேரப் பயணம்கூட இல்லை.

பெரியவருக்கு 1906 நேற்று நடந்த மாதிரி. இரண்டு லீக்கின் சாம்பியன்களும் கோப்பைக்காக மோதும் வேர்ல்ட் சீரிஸில் இந்த இரண்டு அணியும் சந்தித்த ஒரே வருடம் அதுதான். கப்ஸ் அந்தப் பருவத்தில் 116 ஆட்டம் ஜெயித்திருந்தது. சாக்ஸுக்கோ மட்டை பிடிக்கவே தெரியாது என்று பேர். கடைசியில் ஆட்டக் கணக்கில் 4–2 என்று சாக்ஸ் ஜெயித்தது. அப்புறம் 1997 வரை பருவ ஆட்டங்களில் இவர்கள் மோதவே இல்லை. ஆளுக்கொரு லீக் என்பதால் வழியில்லை. தொண்ணூறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, பருவ ஆட்டத்தில் கணக்குத் தீர்க்க முடியாமல் வாயால் சண்டை போட்டிருக்கிறார்கள். இந்தப் பகையில் இவ்வளவு பழங்கதை சேர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் அடிக்கடி சொன்னது 1959இன் கதை. அப்போது அவருக்குப் பதினோரு வயது. செப்டம்பர் 22 இரவு சாக்ஸ் அமெரிக்கன் லீக் பட்டத்தை ஜெயித்ததும், நகரத் தீயணைப்புத் துறைத் தலைவர் விமானத் தாக்குதல் சங்கை ஊதச் சொல்லிவிட்டார். ரஷ்யாவின் குண்டு வருகிறது என்று ஊரே அலறியது. அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலவறைக்கு ஓட, அப்பா மட்டும் வாசலிலேயே நின்றாராம். அவருக்குத் தெரியும், அது எதற்கான சங்கு என்று.

2005 அக்டோபர் 26. ஹூஸ்டனில் வேர்ல்ட் சீரிஸின் நாலாவது ஆட்டம், சாக்ஸுக்கு 1–0. அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தோம். 1917க்குப் பிறகு 88 வருடம் கழித்துக் கோப்பை. கடைசி ஆள் அவுட் ஆனதும் நான் கத்திவிட்டேன். பெரியவர் கத்தவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். "சங்கு ஊதுகிறார்களா, கேள்" என்றார். சங்கு ஊதவில்லை. தெரு முழுக்கக் கார் ஹாரன்தான். அவர் ஜன்னல் ஓரத்திலேயே வெகுநேரம் நின்றார்.

அன்றைக்கு முதல் நான் தெற்கு.

2016இல் கப்ஸ் ஜெயித்தபோது, சிகாகோவுக்கே நூறு வருடம் கழித்து ஒரு கோப்பை வந்ததுபோல் என்னிடம் பேசியவர்கள் நிறையப் பேர். வெறும் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஜெயித்த ஒரு அணி இதே ஊரில் இருக்கிறது என்பது ஞாபகத்துக்கே வரவில்லை. தோற்பதைத் தாங்கிக்கொள்வோம். இதுதான் எங்களுக்கு வலிக்கிறது.

அடிசன் அக்கா

தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் கப்ஸ் கோப்பைக்குக் காத்திருந்த 108 வருடம் என்பதும் சின்னக் கணக்கு இல்லை.

நான் அப்போது லேக்வியூவில், மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் குடியிருந்தேன். அந்த நாட்களில் ரிக்லியின் வெளிச்சுவர் முழுக்க சாக்பீஸால் பெயர்கள் எழுதினார்கள். இந்த நாளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பா, தாத்தா, அத்தை என்று அவரவர் வீட்டுப் பெயர்கள். நானும் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கைக்கு எட்டிய இடமெல்லாம் நிரம்பிவிட்டதால் என்னிடம் சாக்பீஸை நீட்டி, "என் அண்ணன் பெயரை மேலே எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், எழுதினேன். "உனக்கு யாராவது உண்டா?" என்றார்.

என் அப்பா 2012இல் இங்கே வந்து இரண்டு மாதம் இருந்தார். ஒரே ஒரு ஆட்டம் பார்த்தார். விதிகள் பிடிபடவில்லை, ஆனால் மைதானச் சுவரில் படர்ந்திருக்கும் ஐவி கொடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குத் தோட்ட வேலைதான் உயிர். யார் நட்டது, எத்தனை வருடத்துக் கொடி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பிப் போன அடுத்த வருடம் தவறிவிட்டார். அந்தச் சுவரில் அவர் பெயரைத் தமிழில் எழுதினேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது, பக்கத்தில் யாரோ ஒரு சின்ன டபிள்யூ போட்டிருந்தார்கள், கப்ஸ் ஜெயித்தால் ஏற்றும் கொடியில் இருக்குமே, அதே எழுத்து.

வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் பத்தாவது இன்னிங்ஸுக்கு முன் மழையால் 17 நிமிடம் நிறுத்தினார்களே, அந்த 17 நிமிடமும் நான் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். 8–7 என்று கப்ஸ் ஜெயித்து முடிந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது.

அப்பாவின் கேள்விக்குப் பதில் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஐவி கொடியை 1937இல் நட்டவர் பில் வீக். அதே பில் வீக்தான் பின்னாளில் உங்கள் ஒயிட் சாக்ஸுக்கு முதலாளி ஆனார். ரிக்லியில் ஏழாவது இன்னிங்ஸில் கூட்டத்தையே பாட வைத்த வர்ணனையாளர் ஹாரி கேரியும் முதலில் உங்கள் பக்கத்தில் பாடிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

நேப்பர்வில் அப்பா

2006 மே 20 அன்று சாக்ஸ் மைதானத்தில் இருந்தேன், மடியில் ஆறு வயது மகன். சாக்ஸின் பியர்சின்ஸ்கி ஓடிவந்து கப்ஸ் கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பாரெட் மேல் மோதி, ரன் எடுத்து, ரன் எடுக்கத் தொட வேண்டிய தட்டைக் கையால் ஓங்கித் தட்டினார். பாரெட் அவரைப் பிடித்து நிறுத்தி முகத்தில் ஒரு குத்து விட்டார். இரண்டு அணியும் மொத்தமாக இறங்கிவிட்டது. பாரெட்டுக்குப் பத்து ஆட்டம் தடை. என் பையன் பயந்து அழுதான். முன் வரிசையில் கப்ஸ் சட்டை போட்ட ஒருவர் திரும்பி, தன் வேர்க்கடலைப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்தார். இப்போது அவன் கல்லூரி முடித்துவிட்டான். அந்தக் குத்து அவனுக்கு ஞாபகமே இல்லை, கடலை ஞாபகம் இருக்கிறது.

லெமான்ட் மாணவன்

எனக்கு 2019 ஜூன் 18, ரிக்லி. ஒன்பதாவது இன்னிங்ஸ், 1–1. சாக்ஸ் ஆட்டக்காரர் ஏலோய் ஹிமெனெஸை 2017இல் கப்ஸேதான் சாக்ஸுக்குக் கொடுத்தது, ஒரு பிட்சருக்காக (பந்து வீசுபவர்). அவர் அடித்ததில் மட்டை உடைந்தது, பந்து மட்டும் வேலிக்கு வெளியே போய் விழுந்தது. சாக்ஸுக்கு 3–1. சுற்றிலும் நீலச் சட்டைகள், நடுவில் நான் ஒருவன் நின்றுகொண்டிருந்தேன். அந்த அமைதி மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

2024ஐயும் சொல்ல வேண்டும். சாக்ஸுக்கு 121 தோல்வி. நவீன பேஸ்பாலில் அதற்கு முன் எந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை ஆட்டம் தோற்றதில்லை. 120இல் நின்றபோது ஊரில் கடைசி மூன்று ஆட்டம், ஏஞ்சல்ஸ் அணியுடன். மூன்றுக்கும் போனேன். மூன்றையும் ஜெயித்தார்கள். 121 டெட்ராய்ட்டில் போய்த்தான் நடந்தது. சொந்த மண்ணில் நடக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

35ஆம் தெரு வாசி

அக்கா, ஐவி கொடி விஷயம் பெரியவருக்குத் தெரிந்திருந்தால் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். அவர் 2021இல் போய்விட்டார்.

2025 மே மாதம் சிகாகோவில் பிறந்தவர் போப் ஆனார். ரிக்லி வாசல் பலகையில் உடனே அவர் கப்ஸ் ரசிகர் என்று போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவருடைய அண்ணனே தொலைக்காட்சியில் வந்து, இல்லை, அவன் எப்போதும் சாக்ஸ்தான் என்று சொன்னார். பெரியவரின் மனைவி எனக்குப் போன் செய்து அழுதார். பிறகு 2005 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தைப் போப் உட்கார்ந்து பார்த்த சாக்ஸ் மைதானத்தின் 140ஆம் பகுதியில் அவர் படத்தை வரைந்தார்கள். நான் போய்ப் போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். செல்போனில் சின்னதாகத் தெரிகிறது, பெரிதாக அச்சடித்துக் கொண்டு வா என்றார். பெரியவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம்.

அக்கா, அடுத்த தடவை கப்ஸ் இந்தப் பக்கம் வரும்போது சொல்லுங்கள். டிக்கெட் நான் எடுக்கிறேன்.