வெளில உக்காந்து வரையறதுல அப்படி என்ன இருக்கு? டர்பன்ல யாராச்சும் வரையறீங்களா?

கடலோரம்:
எல்லாருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், வாட்டர்கலர் பழகறேன், இதுவரைக்கும் போட்டோ பாத்துதான் வரையறேன். நேர்ல போய் வரைஞ்சாத்தான் கை தேறும்னு சொல்றாங்க. ஆனா கொஞ்ச நேரத்துலயே வெயில் நகர்ந்து நிழலெல்லாம் மாறிடுமே, அப்புறம் எதைப் பாத்து முடிக்கிறது? உம்லாங்கா லைட்ஹவுஸ் பக்கம் ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன்.

மலைக்காத்து:
தங்கச்சி, போன உடனே நிழல் எங்கெங்க விழுதுன்னு பென்சில்ல அடைச்சிடுங்க, அதுக்கப்புறம் வெயில் எங்க போனாலும் அதைத் தொடாதீங்க. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91ல வைக்கோல் போரை வரைஞ்சப்ப வெளிச்சம் மாற மாற வேற வேற கேன்வாஸ எடுத்து வச்சுக்கிட்டாரு, நமக்கு ரெண்டு சின்ன பேப்பர் போதும்.

போட்டோல நிழல் பெரும்பாலும் கருப்பா அடைச்சுக்கிட்டு நிக்கும், நேர்ல பாருங்க, அதுக்குள்ள வானத்தோட நீலம் இருக்கும், பக்கத்துச் செவுத்து கலரும் லேசா அடிக்கும், இதைக் கண்ணு பழகிக்கிறதுதான் பெரிய லாபம். கருப்பு டியூபைத் தொடாம அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்து பாருங்க.

இன்னொண்ணு, ஐரோப்பா புக்குல வடக்கு வெளிச்சம்தான் மாறாம நிக்கும்னு போட்டிருப்பாங்க, அதை இங்க அப்படியே எடுத்துக்காதீங்க, நம்ம ஊர்ல உச்சி வெயில் வடக்கேதான் நிக்கும், அதனால நமக்குத் தெற்கு வெளிச்சம். ஜூன் மாசம் டர்பன்ல நடு மதியத்துலகூட சூரியன் சுமார் 37 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும், நிழல் நல்லா நீளமா விழும், வரையறதுக்கு அருமையான காலம்.

ஊதாமலை:
அண்ணன் சொன்னது சரி, ஆனா போட்டோவை ஒரேயடியா ஒதுக்க வேணாம், பறவை, அலை மாதிரி நிக்காததுக்கு அது வேணும். கலரை மட்டும் அதுல இருந்து எடுக்காதீங்க.

டிராகன்ஸ்பர்க் மலையில ஆம்பிதியேட்டர்னு சொல்ற பாறைச் செவுத்துப் பக்கம் போனா காலையிலயே உக்காந்துடுங்க. சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை, அத்தனை வெடிப்பையும் வரைய யாராலயும் முடியாது, எதை விடணும்னு அங்கயே முடிவு பண்ணியாகணும், அதை எந்த கிளாஸ்லயும் இவ்வளவு சீக்கிரம் கத்துக்க முடியாது. மதியத்துக்கு மேல சூரியன் மலைக்குப் பின்னாடி போயிடும், கோடையில இடி மழையும் வரும்.

கடலோரம்:
ரொம்ப நன்றிண்ணா, நன்றிக்கா. லைட்ஹவுஸுக்கு எந்த நேரம் போகலாம்?

மலைக்காத்து:
லைட்ஹவுஸ்னா காலையில, கடலுக்கு முதுகு காட்டி உக்காருங்க, வெயில் நேரா அது மேல அடிக்கும். கடலை வரையணும்னா சாயங்காலம். பர்க் விண்ட், அதான் உள்நாட்டுப் பக்கமிருந்து வர்ற சூடான வறண்ட காத்து, அடிக்கிற நாள்ல வாஷ் (தண்ணியா பூசற கலர்) போட்ட உடனே காஞ்சுடும், தண்ணி ஸ்ப்ரே பாட்டில் ஒண்ணு பையில வச்சுக்கோங்க.