பூர்வகுடிக் கிராமத்திற்கு எழுத்தறிவிக்கச் செல்லும் தம்பிக்கு என்ன சொல்லி அனுப்புவது?

கேள்வி: உவர்மலைவாசி, திருகோணமலை

வணக்கம். அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்திலுள்ள டார்வினில் ஆறு ஆண்டுகளாக வசிக்கும் என் தம்பி, அடுத்த ஆண்டு தன் திருச்சபையின் ஏற்பாட்டில் அதே பிராந்தியத்தின் ஆர்னம் லாண்டிலுள்ள ஒரு பூர்வகுடிக் கிராமத்திற்குச் சென்று, அங்குள்ள சிறுவர்க்கும் வளர்ந்தோர்க்கும் எழுத வாசிக்கக் கற்பிப்பவர்களுக்கு ஓராண்டு துணையாக இருக்கப் போவதாக அறிவித்திருக்கிறான். செய்தி வந்த நாள்முதல் எங்கள் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. மிசன் பாடசாலையில் படித்து, அந்தப் படிப்பாலேயே துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை பெற்ற அப்பா, "எங்களுக்கு எழுத்தைத் தந்தவர்கள் அவர்கள்தானே, அதை இன்னொருவருக்குக் கொடுக்கப் போவதில் என்ன பிழை?" என்கிறார். சிட்னியிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கும் அத்தானோ, பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகளின் வரலாற்றைச் சொல்லி, மிசன் என்ற சொல்லையே காதில் வாங்க விரும்பாதவர்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள் என்கிறார். அம்மாவுக்கு இந்த வாதம் எதுவும் வேண்டியதில்லை. அங்கே முதலை இருக்கிறதா என்பதே அவரது கேள்வி. (இருக்கிறது என்று தம்பி உண்மையைச் சொல்லிவிட்டான்.)

மிசனறிமார் அந்த மக்களுக்கு எழுத்தறிவித்தது உண்மையில் எப்படி, எந்த மொழியில் நடந்தது? அதனால் அந்த மக்கள் அடைந்தது என்ன? தம்பியைத் தடுக்கும் எண்ணம் எனக்கில்லை. வெறும் நல்லெண்ணத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு அவன் போய் இறங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

பதில் 1: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருகோணமலை

தங்கச்சி, முதலில் உங்கள் அப்பாவின் வாக்கியத்தில் ஒரு திருத்தம். மிசனறிமார் எங்களுக்குப் பாடசாலையைத் தந்தார்கள், அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள், அப்பாவுக்குச் சம்பளம் கிடைக்கும் வழியையும் காட்டினார்கள், எழுத்தைத் தரவில்லை. அவர்கள் வந்தபோது எங்களிடம் ஏடும் எழுத்தாணியும் இலக்கணமும் இருந்தன. அவர்களே பண்டிதர்மாரிடம் உட்கார்ந்து தமிழ் படித்தார்கள். பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்க ஆறுமுக நாவலரின் துணையை நாடினார். அதே நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிசனின் பாடசாலை முறையையும் அச்சையும் சைவத்துக்குக் கருவியாக்கிக்கொண்டார். எதிர்த்து நிற்பதற்கு வேண்டிய மூலதனம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அவுஸ்திரேலியப் பூர்வகுடிகளின் அறிவு பாட்டிலும் சடங்கிலும் நிலத்தின் ஒவ்வொரு நீர்நிலைக்கும் உரிய கதையிலும் சேமிக்கப்பட்டிருந்தது. எழுத்து அங்கே புதிதாக, அதுவும் நிலத்தைப் பிடுங்கிய கூட்டத்தாரோடு சேர்ந்து வந்தது. ஆகவே எங்கள் அனுபவத்தை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க முடியாது.

இனி அப்பா சொல்வதும் அத்தான் சொல்வதும் ஒரே நகரில், ஆறே ஆண்டுகளுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். 1838இல் அடிலெயிட் வந்திறங்கிய தைக்கல்மன், ஷூர்மன் என்ற இரண்டு ஜேர்மன் லூத்தரன் மிசனறிமார், அவ்விடத்து கௌர்ணா மக்களின் மொழியைக் கற்று, 1839 டிசம்பரில் பில்டாவொட்லி என்னுமிடத்தில் அந்த மொழியிலேயே கற்பிக்கும் பாடசாலையைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே இலக்கணத்தையும் ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட அகராதியையும் அச்சிட்டார்கள். பிள்ளைகள் தாய்மொழியில் கடிதம் எழுதினார்கள். 1845இல் குடியேற்ற அரசாங்கம் அந்தப் பாடசாலையை மூடி, ஆங்கிலத்தில் மட்டும் கற்பிக்கும் பாடசாலைக்குப் பிள்ளைகளை மாற்றியது. சில பத்தாண்டுகளில் கௌர்ணா அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. ஆனால் 1990களில் அந்த மக்களின் வழித்தோன்றல்கள் தங்கள் மொழியை மீண்டும் பேசத் தொடங்கியபோது, கையில் எடுத்தது அந்த 1840ஆம் ஆண்டுப் புத்தகத்தைத்தான். மதம் மாற்ற வந்தவர்கள் தொகுத்த அகராதி, மதத்தோடு தொடர்பில்லாத ஒரு தேவைக்கு ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்திருக்கிறது.

இன்னோர் இடம், தென் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டிலுள்ள ஏர்னபெல்லா. அடிலெயிட்டின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சார்ள்ஸ் டுகிட்டின் விடாமுயற்சியால், பிட்ஜன்ஜரா மக்களுக்கென்று பிரெஸ்பிட்டேரியன் சபை 1937இல் அந்த மிசனைத் தொடங்கியது. அவர் வகுத்த நெறிகள் எளியவை: கட்டாயம் கூடாது, குல வழக்கங்களில் வேண்டுமென்று தலையிடக் கூடாது, பணிசெய்ய வருபவர் அந்த மக்களின் மொழியைக் கற்றே ஆகவேண்டும். 1940இல் திறந்த பாடசாலையில் பிள்ளைகள் முதலில் பிட்ஜன்ஜராவில் வாசித்தார்கள். ஆங்கிலம் பின்னால் வந்தது. பிள்ளைகளைப் பிரித்து அடைக்கும் விடுதியும் அங்கே இல்லை. தம்பி எந்தச் சபையின் பெயரில் போகிறான் என்பதைவிட, போகுமிடத்தில் அந்த மூன்றாவது நெறி இன்றைக்கும் நடைமுறையில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 2: மூதூரிலிருந்து மெல்பேர்ணுக்கு

ஆசிரியர் ஐயா நல்ல இரண்டு உதாரணங்களைத் தெரிந்தெடுத்திருக்கிறார். அவை விதிவிலக்குகள் என்பதையும் சொல்லியிருக்கலாம். பல மிசன்களில் பிள்ளைகள் விடுதிகளில் பூட்டப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை பெற்றார்கள். பெற்றோர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள் என்று 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை கூறியது. 2008 பெப்ரவரி 13ஆம் திகதி பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த விடுதிகளிலும் எழுத வாசிக்கத்தான் கற்பித்தார்கள். எழுத்தறிவு என்றதும் நாங்கள் கைகூப்பிவிடுகிறோம். என்ன விலை கொடுத்துப் பெற்றது என்பதைக் கேட்பதில்லை. உங்கள் அத்தான் பக்கம் நான்.

பதில் 3: டார்வின்வாசி, பிறந்த ஊர் நிலாவெளி

அக்கா, ஆர்னம் லாண்டின் ஒரு பாடசாலையில் நான்கு ஆண்டுகள் கற்பித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மெல்பேர்ண் அண்ணர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்த விடுதிகளில் வளர்ந்த முதியவர்களோடு பேசியிருக்கிறேன். ஆனால் ஆர்னம் லாண்டின் கதையில் யேர்காலாவை விட்டுவிட முடியாது. அங்கே மெதடிஸ்த மிசன் 1935இல் தொடங்கியது. 1963இல் அந்த மக்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல், அவர்களுடைய நிலத்தில் 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பகுதியை அரசாங்கம் பொக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கியது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான யோல்ஙு மக்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனுவைத் தட்டச்சுச் செய்து, மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலங்களுக்குரிய ஓவியங்களைத் தீட்டி, அவ்வாண்டு ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மக்கள் பக்கம் நின்ற மிசன் கண்காணிப்பாளர் எட்கார் வெல்ஸ் அங்கிருந்து அகற்றப்பட்டார். சபையின் தலைமையோ சுரங்கத்துக்கு முன்பே இணங்கியிருந்தது. ஒரே மிசனுக்குள் இரண்டும் இருந்தன. சுரங்கம் வந்தது, 1971இல் நீதிமன்றத்திலும் தோற்றார்கள்; ஆயினும் 1976ஆம் ஆண்டின் வட பிராந்திய நில உரிமைச் சட்டத்துக்கு இட்டுச்சென்ற பாதை அந்த மரப்பட்டையில்தான் தொடங்கியது. கற்றுக்கொடுத்த எழுத்தைக் கொண்டு முதலில் அவர்கள் எழுதிய பெரிய ஆவணம், தங்கள் நிலத்தைக் கேட்டு எழுதிய மனு.

இப்போது தம்பிக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று. 1950களில் மிலிங்கிம்பித் தீவுக்கு மிசன் ஆசிரியையாக வந்த பியூலா லோ, யோல்ஙு மொழிகளில் ஒன்றைப் பொறுமையாகக் கற்று, அதற்கு எழுத்து முறையும் பாடநூல்களும் உருவாக்கினார். அந்த எழுத்துமுறையைப் பார்த்த முதல் நாள் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆங்கில எழுத்துக்களின் கீழே கோடு இழுத்தும், பக்கத்தில் இன்னோர் எழுத்தைச் சேர்த்தும், வால் முளைத்த புதிய எழுத்தொன்றை இட்டும் அவர்கள் பிரித்துக் காட்டிய மூக்கொலிகள் ஆறு: ங, ஞ, ண, ந, ம, ன. எங்கள் மெல்லினம் ஆறும் அப்படியே! ஆங்கிலம் மட்டும் அறிந்த தோழிகள் ந, ன, ண மூன்றையும் பிரித்துக் கேட்க மாதக்கணக்கில் திணறினார்கள். எனக்கு அது முதல் வாரத்திலேயே பிடிபட்டது. சொல்லின் முதலில் ங வருவதற்கு மட்டும் நாக்கைப் பழக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் 'நான்' என்பதற்கு அவர்கள் வழங்கும் சொல்லே ங-வில்தான் தொடங்குகிறது. (இதைக் கண்டு அவர்களும் நாங்களும் ஒரே வேரினர் என்று கிளம்பிவிட வேண்டாம். அப்படி எண்ணிப் பார்த்தவர்களில் கால்ட்வெல்லும் ஒருவர். மொழியியலாளர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.)

வட பிராந்தியத்தில் 1973இல் அரசாங்கமே இருமொழிக் கல்வியைத் தொடங்கியது. மிசன்களின் பாடநூல் வேலையும் மொழியறிவும் அதற்கு அடித்தளமாயின. 2008இல் ஒவ்வொரு நாளும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளை, வீட்டில் ஒருபோதும் கேட்டிராத மொழியில், காலை முழுவதும் அமர்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். சில ஆண்டுகளில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது என்றாலும், இடையில் சிதறிய ஆசிரியர் குழுக்களை மீண்டும் சேர்ப்பது இலகுவாக இருக்கவில்லை. தம்பி போகும் வகுப்பில் யோல்ஙு ஆசிரியை ஒருவர் இருப்பார். பாடத்தை நடத்த வேண்டியவர் அவர். தம்பியின் இடம் அவருக்குப் பக்கத்தில்.

நடைமுறை விடயங்களும் உண்டு. சிறுவர்களோடு வேலை செய்ய ஓக்கர் அட்டை என்னும் அனுமதி அட்டை வேண்டும். அந்த நிலத்தில் கால்வைக்கப் பூர்வகுடிகளின் நில மன்றத்தின் அனுமதி வேண்டும். மழைக்காலத்தில் வீதிகள் மூழ்கிவிடும், சிறு விமானம்தான் வழி. ஒருவர் இறந்துவிட்டால் அவரது பெயரை நீண்ட காலம் உச்சரிக்க மாட்டார்கள், படத்தையும் காட்ட மாட்டார்கள். அவர் கதை சொன்ன வாசிப்புநூல் அலுமாரிக்குள் போய்விடும். அதே பெயருள்ள பிள்ளையையும் வேறு பெயரால் அழைப்பார்கள். புதிதாக வந்த ஓர் ஆசிரியர் இது தெரியாமல் அப்படியொரு நூலை வகுப்பில் விரிக்க, பிள்ளைகள் அனைவரும் எழுந்து வெளியே போனதை நான் கண்டிருக்கிறேன்.

பதில் 4: வெருகல்கரை

எல்லோரும் கடல்கடந்து பார்க்கிறீர்கள். எங்கள் மாவட்டத்திலேயே வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் வேடர் சமூகத்தவர் வாழ்கிறார்கள். இன்று அவர்கள் பேசுவது தமிழ். 1840களையொட்டி, மட்டக்களப்புப் பக்கத்தில் வேடரைக் குடியமர்த்திப் பாடசாலை வைக்க வெஸ்லியன் மிசனும் அரசாங்க அதிகாரிகளும் சேர்ந்து முயன்றதை, அன்றைய இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் எழுதியிருக்கிறார். அங்கே ஆங்கிலம் நின்ற இடத்தில் இங்கே எங்கள் தமிழ் நிற்கிறது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். பயிற்சி ஆசிரியனாக அந்தப் பக்கத்துப் பாடசாலையொன்றில் இருந்தபோது, காட்டுத் தேன் எடுப்பதைப் பற்றி ஒரு சிறுவன் எழுதிய கட்டுரையில், அவன் வீட்டில் வழங்கும் ஆறேழு சொற்களைச் சிவப்பு மையால் அடித்து, "சரியான தமிழ்" எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அவன் எழுதிய கட்டுரைகள் எல்லாம் பிழையற்று, பாடநூலில் இருந்து பெயர்த்தவையாக இருந்தன. அந்தச் சொற்களை நான் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கலாம்.

உவர்மலைவாசி:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை இரவுச் சாப்பாட்டின்போது உரத்து வாசித்தேன். அப்பா திருத்தத்தை ஏற்றுக்கொண்டார், ஆனால் சம்பளம் சின்ன விடயமில்லை என்கிறார். அத்தான் மரப்பட்டை மனுவைப் பற்றி அறிந்திருக்கவில்லை. மெல்பேர்ண் அண்ணரோடு தொடர்ந்து உடன்படுகிறார். தம்பியிடம் மொழிப் பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். கிராமத்துக்குப் போகுமுன் டார்வினில் இரண்டு வார அறிமுகம் மட்டுமே உண்டாம். ஓராண்டை இரண்டாண்டாக்கி, முதல் ஆண்டில் கற்பிக்காமல் மொழி படிக்க மட்டும் இருக்கச் சம்மதிப்பார்களா என்று சபையிடம் எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே இடுகிறேன். டார்வின் தங்கச்சி, அம்மா உங்களிடம் கேட்கச் சொன்னது: பாடசாலைக்கும் ஆற்றுக்கும் எவ்வளவு தூரம்?